பல்லுக் கொழுக்கட்டையில் ஒரு தேங்காய்ச் சொட்டு

என் மூத்த மகனுக்கு ஆறு மாதம் முடிந்த சமயம். என் கணவரோடு ரயில்வே கந்தோரில் எழுத்து வேலை பார்த்த நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்து, குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். கொஞ்சி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு வறுத்த கச்சானை எடுத்தார். நிலக்கடலையைத்தான் நாங்கள் கச்சான் என்போம். அதை அவன் வாயில் போடப் போனார். நான் தேநீர்த் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன். தட்டை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை. அவர் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியது மட்டும் நினைவிருக்கிறது. கச்சான் பறந்துபோய், என் கணவர் காலிலிருந்து கழற்றி வைத்திருந்த சப்பாத்துக்குள் விழுந்தது.

"சும்மா சப்பட்டும் எண்டுதான் குடுத்தனான்," என்றார் நண்பர், கையைத் தடவிக்கொண்டே.

"பல்லில்லாதவன் எதாலை சப்புறது?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்த மனிதருக்கு அடித்துவிட்டேனே என்று என் கணவர் அன்று மாலை முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமே வரவில்லை. திகைப்புத்தான் வந்தது. அந்த மனிதர் பிள்ளை குட்டிக்காரர். ஒரு கச்சான் ஒரு குழந்தையின் தொண்டைக்கு எவ்வளவு பெரியது என்று அவருக்கு எப்படித் தெரியாமல் போனது?

அப்போது நாங்கள் மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் கட்டிக் கப்பலேறி வந்தவள். என் அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். குழந்தையின் துணியைக் கொடியில் போட்டால், எடுக்கும்போது எஞ்சின் கரி பொட்டுப் பொட்டாகப் படிந்திருக்கும். அந்தக் கரி எப்படிக் கேளாமல் வந்து விழுமோ அப்படித்தான் எனக்குப் புத்திமதிகளும் வந்து விழுந்தன. தாயில்லாத பெண் முதல் பிள்ளை வளர்க்கிறாள் என்றால் ஊருக்கே உரிமை வந்துவிடுகிறது.

டின் பாலில் பிஸ்கட்டை ஊறப்போட்டுக் கொடு, பிள்ளை உருண்டு திரண்டு வரும் என்றார் ஒரு கந்தோர்க்காரரின் மனைவி. பக்கத்து வீட்டு அக்கா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. கணவர் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் வேலையில் இருந்தார். அந்த அக்கா வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "என்னக்கா, இன்னும் கஞ்சித்தண்ணிதானா? எங்க வீட்ல இந்நேரம் இட்லியே குடுத்திருப்போம்," என்பார். பக்கத்துக் கம்பத்தில், மலாய்க்காரர் கிராமத்தில், ஒரு தாய் பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு வாழைப்பழத்தை வழித்து வழித்து ஊட்டியதைப் பார்த்தேன். காய்கறி கொண்டுவரும் சீனத்தி சோற்றைத் தான் மென்று, முதுகில் கட்டியிருந்த பிள்ளையின் வாயில் வைத்ததையும் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்தப் பிள்ளைகள் எல்லாம் கொழுகொழுவென்றுதான் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் என் பிள்ளை விஷயத்தில் அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

நான் எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். மகனுக்குக் கொடுக்கப் போகும் எதையும் முதலில் அதே சட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து என் வாயில் போடுவேன். பல்லில் படவிடாமல் நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்திப் பார்ப்பேன். நசிந்து கரைந்தால் அவனுக்கு. இல்லாவிட்டால் அது எனக்கு. புழுங்கலரிசியை வறுத்து இடித்துக் காய்ச்சிய கஞ்சி முதலில் தேறியது. சில நாள் பொறுத்து, வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று கண்டபிறகு, குழைய வேகவைத்த பயற்றம்பருப்பு. பிறகு பூசணிக்காய். ஒன்று ஒத்துக்கொண்ட பிறகுதான் மற்றது. அவனை மடியில் நிமிர்த்தி வைத்துத்தான் ஊட்டுவேன். அழுதால் நிறுத்திவிடுவேன், சிரித்தாலும் நிறுத்திவிடுவேன். என் கணவர் இதையெல்லாம் பார்த்து, "நீர் பிள்ளைக்குத் தீத்துறீரோ, எஞ்சின் ஓட்டுறீரோ?" என்று கேட்பார்.

இவ்வளவு கவனத்திலும் ஒரு முறை தவறியது. கதலிப்பழத்தை மசித்தபோது நடுவில் ஒரு கட்டி தப்பிவிட்டது. அது அவன் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எடுத்துவிடலாம் என்று விரலை விட்டேன். விரல் அதை வெளியே கொண்டுவரவில்லை, இன்னும் உள்ளே தள்ளிவிட்டது. அவன் கண்ணில் நீர் கொட்ட, குனிந்து இருமி இருமித் தானாகவே அதைத் துப்பினான். இனி என்ன வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காக அவன் வாய்க்குள் விரல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

பிறகு அவனுக்குப் பல் முளைத்தது. கீழ் ஈறில், வெள்ளையாக ஒரு கோடு. என் கணவர் அன்றைக்கே கிள்ளானுக்குச் சேதி அனுப்பிவிட்டார்.

கிள்ளானில் அவருடைய அக்கா இருந்தார். எனக்கு மச்சாள் முறை. கணவருக்குத் துறைமுகத்தில் உத்தியோகம், பிள்ளைகள் இல்லை. தாய் தகப்பனை இழந்த தம்பியைத் தானே வளர்த்து, மலாயாவுக்குக் கூப்பிட்டு, படிக்க வைத்து, வேலையில் ஏற்றிவிட்டவர். அதனால் எங்கள் வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். என் மகனைத் தூக்கினால் இறக்க மாட்டார். அவனுடைய உள்ளங்காலை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் இருப்பார். அந்த அன்பில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அவருடைய அதிகாரத்தில்தான் எனக்கு மூச்சு முட்டும்.

பல்லுக் கொழுக்கட்டை என்பது எங்கள் யாழ்ப்பாணத்தார் வழக்கம். முதல் பல் தெரிந்ததும் நல்ல நாள் பார்த்து, குழந்தையைப் பலகையில் இருத்தி, தலையில் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்து, மாமி முறையானவர் கொழுக்கட்டைகளை அந்தத் தலைமேல் கொட்டுவார். கொழுக்கட்டை ஓரங்களில் தேங்காய்ச் சில்லைப் பல்லுப்போல வெட்டிக் குத்தியிருக்கும்; அந்தச் சில்லைத்தான் சொட்டு என்போம். பிள்ளைக்கும் அப்படி வரிசையாகப் பல் வர வேண்டும் என்பதற்காக. முன்னால் ஒரு தட்டில் பேனை, புத்தகம், சங்கிலி, நெல், கத்தரிக்கோல் என்று வைப்பார்கள். குழந்தை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் பிற்காலம்.

எங்கள் ஆட்களுக்கு அந்தத் தட்டில் பேனையைத் தவிர மற்றதெல்லாம் சும்மா ஒப்புக்கு வைப்பது. கந்தோர் உத்தியோகத்துக்கென்று கடல் தாண்டி வந்த கூட்டம் வேறு எதை விரும்பும்? மச்சாள் என் கணவரின் கந்தோர்ப் பேனையைத் துடைத்துப் பளபளக்க வைத்து, பிள்ளையின் வலது கைக்கு நேரே வைத்தார். கத்தரிக்கோலைத் தட்டின் அந்தப் புறத்துக்குத் தள்ளிவிட்டார். எடுத்துத் தொலைத்தால் தையல்காரன் ஆகிவிடுவானாம்.

அன்று விடியற்காலை அவர் அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் வெட்டியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல முற்றின தேங்காய். ஒவ்வொரு சொட்டையும் அடியில் அகலமாகவும் நுனியில் கூராகவும் வெட்டி, கையில் வைத்து அழகு பார்த்து, பிறகுதான் மாவில் குத்தினார். நாக்கால் அழுத்திக் கரையும் பொருளா அது?

"மச்சாள், இதை அவன் எடுத்து வாயிலை வைச்சால்?" என்று கேட்டேன்.

"ஆர் அவனுக்குத் தீத்தப் போகினம்? தலையிலை கொட்டுறதுதானே. பெரியாக்கள்தான் சாப்பிடுறது." அவர் தலை நிமிரவில்லை. "நீர் எல்லாத்துக்கும் பயப்பிடுறீர், பிள்ளை. பயந்து பயந்து அவனையும் பயந்தாங்கொள்ளி ஆக்கிப் போடாதேயும்."

மாமியார் இல்லாத வீட்டில் மச்சாளோடு மல்லுக்கட்டுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் அது மங்கல நாள்.

கூடத்தில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். கச்சான் நண்பரும் பழையதை மறந்து மனைவியோடு வந்திருந்தார். பக்கத்து வீட்டு அக்காவும் வந்து சுவரோரமாக நின்றார். மகனைப் பலகையில் இருத்தி, விழாமல் இருக்க நான் பின்னால் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளைத் துணியைப் போர்த்தார்கள். மச்சாள் சுளகிலிருந்து கொழுக்கட்டைகளைச் சரித்தார். அவை அவன் தலையில் மெதுவாகப் பட்டு, மடியிலும் பாயிலும் உருண்டன. அவித்த சூட்டில் மா இளகியிருந்ததால் சில சொட்டுகள் கழன்று தனியே சிதறின. துணியும் சரிந்து அவன் முகத்தில் பாதியை மூடிக்கொண்டது. அதை யாரும் தூக்கிவிடவில்லை. எல்லாரும் தட்டைக் கிட்டத் தள்ளுவதிலேயே இருந்தார்கள்.

அவன் வலது கையை நீட்டினான். பேனைக்கு மேலே அது நின்றது. கூடம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கையையே பார்த்தது. நானும் பார்த்தேன். பேனையை எடுத்தால் நல்லதுதானே என்று எனக்கும் இருந்தது. கை அப்படியே நின்றது. எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"யோசிக்கிறார்," என்றார் கச்சான் நண்பர். "நீதவானாய் வரப் போறார் போலை."

எல்லாரும் சிரித்தார்கள். மச்சாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. என் மகனுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிய பொருளைக் கண்டால் "ங்... ங்..." என்று மூக்கால் ஒரு சத்தம் போட்டுக்கொண்டே இருப்பான். தட்டைக் கண்டதிலிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. இப்போது இல்லை. அவன் இடுப்பில் இருந்த என் கைகளுக்குள் வயிறு மேலும் கீழும் போகவில்லை. இறுகிப்போய் இருந்தது.

துணியை இழுத்து எறிந்தேன். வாய் திறந்திருந்தது. கண்கள் பிதுங்கி என்னைப் பார்த்தன. உதடு நாவற்பழம் தின்ற உதடு போலக் கறுத்திருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அழவில்லை, இருமவில்லை. தொண்டையில் சிக்கினால் பிள்ளை இருமும், கத்தும், கையைக் காலை உதைக்கும் என்றுதான் நான் எப்போதும் நினைத்திருந்தேன். இவ்வளவு பேர் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்க, ஒரு பிள்ளை இப்படிச் சத்தமே இல்லாமல் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கத்துவதற்கே மூச்சு வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அவனுடைய இடது கை மடியில் கிடந்தது. கழன்று விழுந்த சொட்டுகளில் இன்னும் ஒன்று அதற்குள் இருந்தது. நாங்கள் எல்லாரும் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடது கை தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

கூடம் ஒரு நொடியில் தலைகீழாயிற்று. "தண்ணி, தண்ணி," என்று ஒரு குரல். "வாழைப்பழத்தைக் குடுங்கோ, அதோடை சேந்து இறங்கிப் போடும்," என்று இன்னொரு குரல். பழத்தை உரித்துக்கொண்டு ஒரு கை முன்னால் வந்தது. மூச்சு அடைத்த பிள்ளைக்குப் பழம். என் கணவர் பாய்ந்து வந்து அவன் வாய்க்குள் விரலை விடப் போனார்.

"விரல் போடாதேங்கோ," என்று அவர் கையைத் தள்ளிவிட்டேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை.

பிள்ளையைக் குப்புறப் புரட்டி முன்கையில் போட்டேன். தாடையை என் கையில் தாங்கி, தலை கீழே தாழும்படி முழங்காலோடு சாய்த்துக்கொண்டு, முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடியால் அடித்தேன். ஒன்றும் வரவில்லை. "பச்சைப்பிள்ளைக்கு அடிக்கிறாளே," என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. மறுபடி அடித்தேன். அந்தச் சின்ன முதுகு என் கைக்கடியில் அதிர்ந்தது. இன்னும் பலமாக அடித்தேன்.

தேங்காய்ச் சொட்டு பாயில் வந்து விழுந்தது. அதோடு கொஞ்சம் எச்சில். பிறகு ஒரு நீண்ட இழுப்பு. பிறகு அவன் வீரிட்டு அழுதான். வெளியே எஞ்சின் ஒன்று ஊதிக்கொண்டு போனது. அதையும் மீறி அவன் அழுகை கேட்டது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது அப்போதுதான். அவனை மார்போடு அணைத்துக்கொண்டு நானும் சத்தமாக அழுதேன்.

அந்தச் சொட்டு என் கால் அருகே கிடந்தது. அடியில் அகலம், நுனியில் கூர். நல்ல அழகாக வெட்டிய பல்.

அன்றைக்கு நான் கண்ட அதிர்ச்சி அதோடு முடியவில்லை. பிள்ளையின் அழுகை கொஞ்சம் தணிந்ததும் மச்சாள் முந்தானையால் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தட்டைச் சரி செய்தார். பேனையை மறுபடி நேராக வைத்தார்.

"இன்னும் ஒண்டும் எடுக்கேல்லை," என்றார். "முகத்தைக் கழுவிப்போட்டுத் திரும்ப இருத்தும். அரைவாசியிலை விடக் கூடாது."

நான் அவரையே பார்த்தேன். காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று இருந்தது.

"மச்சாள், இவன் இப்ப செத்துப் பிழைச்சவன்."

"அதாலைதான் சொல்லுறன். குறையிலை விட்டால் இன்னும் கூடாது."

வந்திருந்தவர்களில் சிலர் தலையை ஆட்டினார்கள். நான் எழுந்து, பிள்ளையோடு அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்கு அந்தப்பக்கம் பேச்சு நடந்தது. கண்ணூறு என்றார்கள். வெளியாட்களைக் கூப்பிட்டிருக்கக் கூடாது என்றார்கள். அது சுவரோரம் நின்ற பக்கத்து வீட்டு அக்காவுக்கு. பிறகு கோப்பைகள் சத்தமிட்டன. பாயில் கிடந்த கொழுக்கட்டைகளைப் பொறுக்கி எல்லாரும் சாப்பிட்டார்கள். சொட்டுகளைக் கடிக்கும் நறுக் நறுக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ.

என் கணவர் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

"அக்கா வேணுமெண்டு செய்யேல்லை," என்றார்.

"வேணுமெண்டு செய்திருந்தால் நான் இப்ப இஞ்சை கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேனோ?" என்றேன்.

மறுநாள் அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டுவிட்டு, உள்ளே ஒன்றும் தங்கவில்லை என்றார். கெட்டியானது எதையும் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம், சாப்பிடும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று அனுப்பினார். முகத்தைப் பார்க்கச் சொன்னது எனக்கு நெஞ்சில் குத்தியது. அந்த முகத்தைத்தானே துணியால் மூடி வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்க மறுத்துவிட்டான். கரண்டியைக் கண்டால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வான். பால் மட்டும் குடித்தான். ஆசையோடு குடித்த கஞ்சியைக்கூடக் கையால் தள்ளினான். நான் வற்புறுத்தவில்லை. கஞ்சியை என் விரல் நுனியில் தொட்டு அவன் உதட்டில் தடவிவிட்டு, சும்மா இருப்பேன். வேண்டுமானால் நக்குவான், வேண்டாவிட்டால் விட்டுவிடுவான். வாரங்கள் போயின. ஒரு மத்தியானம், நான் பருப்புச் சோறு பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, தவழ்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்று வாயைத் திறந்தான். உள்ளே இப்போது இரண்டு பல். நான் அந்தச் சோற்றை மறுபடி குழையப் பிசைந்து ஒரு துளி வைத்தேன். விழுங்கினான். அன்றைக்கு என் சோறு முழுக்க ஆறிப்போயிற்று.

அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போனோம். மச்சாள் கிள்ளானிலிருந்து வந்திருந்தார். படியேறி இறங்கி, நிழலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தபோது, தெரிந்த குடும்பம் ஒன்று வந்து சேர்ந்துகொண்டது. என் மகனைப் பார்த்து, "பல்லுக் கொழுக்கட்டைக்கு என்னத்தை எடுத்தவர்?" என்று கேட்டார்கள்.

"பேனை," என்றார் மச்சாள். "ஒரு பார்வை பாத்தான். நல்லா யோசிச்சான். பிறகு சடாரெண்டு பேனையை எடுத்துப் போட்டான்."

நான் திடுக்கிட்டுப் போய் என் கணவரைப் பார்த்தேன். அவர் முறுக்கை உடைத்துக்கொண்டே, "ஓம், பேனைதான்," என்றார். பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை. உண்மையாகவே நம்பிவிட்டார் போல் இருந்தது.

வீட்டுக்கு வந்து, பொறுக்க முடியாமல், வேலிக்கு அந்தப்பக்கம் நின்ற அக்காவிடம் கேட்டேன். கண்ணூறு போட்டார் என்று பழி சுமந்தவராவது சரியாகச் சொல்வார் என்று பார்த்தேன்.

"பேனாதானேக்கா எடுத்துச்சு?" என்றார் அவர். "தேங்கா மாட்டிக்கிச்சு, அது வேற. அப்புறம் பேனாவ எடுத்துச்சுன்னு உங்க நாத்தனார்தான் சொன்னாங்களே."

ஒரு பிள்ளை கறுத்துப்போய்க் கிடந்ததை இத்தனை பேர் கண்ணால் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் அது ஒரு பேனையாகிவிட்டது. போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது. அந்தச் சந்தேகம் வரும்போதெல்லாம் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வேன்.

இரண்டாவதாக எனக்குப் பெண் பிறந்தாள். அவளுக்குப் பல் தெரிந்தபோது நான் என் கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் இனிப் பல்லுக் கொழுக்கட்டை இல்லை. அவர் சரி என்றார். சரி என்று சொல்லிவிட்டு, ஒளித்து வைக்கத் தெரியாத மனிதர், கிள்ளானுக்குப் போனபோது பல் முளைத்த சேதியைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ரயிலில் மச்சாள் வந்து இறங்கினார். கையில் மூடிபோட்ட பெரிய தூக்குச்சட்டி. கொழுக்கட்டையைக் கிள்ளானிலேயே அவித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே ஆட்களும் வரத் தொடங்கினார்கள். அவர்தான் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சட்டியை வாங்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனேன். திறந்து பார்த்து, ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் அப்படியே தூக்கிப் பின்பக்கத்து வாய்க்காலில் கொட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். வந்தவர்கள் பார்த்தாலும் பரவாயில்லை.

மூடியைத் திறந்தேன். கொழுக்கட்டைகள் ஆவி பறக்காமல் ஆறிப்போய் இருந்தன. ஓரங்களில் பல் இருந்தது. ஆனால் தேங்காய் இல்லை. மாவையே நகத்தால் கிள்ளிக் கிள்ளிப் பல்லாகச் செய்திருந்தார். ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளேயும் சொட்டு இல்லை. வெல்லமும், நைசாகத் துருவி அரைத்த தேங்காய்ப்பூவும்தான். இன்னொன்றையும் உடைத்தேன். அதிலும் அப்படித்தான்.

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். பல்லில் படவிடாமல், நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்தினேன். எல்லாம் கரைந்து போயிற்று.

நிமிர்ந்தபோது மச்சாள் கதவருகே நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை.

"சொட்டு வைக்கேல்லை," என்றார். "இந்த முறை கிள்ளானிலை தேங்காய் நல்லதாக் கிடைக்கேல்லை."

கிள்ளானில் தேங்காய் கிடைக்கவில்லையாம். ரயிலில் இருந்து பார்த்தால் தென்னந்தோப்பைத் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஊர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்தார். பேனை பேனை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவர் எதையும் மறந்திருக்கவில்லை. என்னைப்போலவே அவரும் அந்தப் பாயில் கிடந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"மா நல்லாக் குழைஞ்சிருக்கு, மச்சாள்," என்று மட்டும் சொன்னேன்.

"ஓம்," என்றார். "பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரும்."

மகளைப் பலகையில் இருத்தினோம். மச்சாள் வெள்ளைத் துணியை நாலாக மடித்து, நெற்றிக்கு மேலேயே நிற்கும்படி உச்சந்தலையில் வைத்தார். கொழுக்கட்டைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே போட்டார். பிறகு சுளகை வைத்துவிட்டு, மகளுக்கு இடப்பக்கமாக வந்து நெருங்கி உட்கார்ந்தார். நான் வலப்பக்கம் இருந்தேன். தட்டை முன்னால் தள்ளினார்கள். கூடம் அமைதியானது. பிறகு ஒரே ஆரவாரம். கைதட்டினார்கள், என் கணவர் என்னவோ சொல்லிச் சிரித்தார்.

மகள் என்ன எடுத்தாள் என்று பிறகு பலர் என்னைக் கேட்டார்கள். மச்சாளையும் கேட்டார்கள். எங்கள் இருவருக்கும் தெரியாது. நாங்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.